வாராவாரம் எழுதுவது – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

மூன்று ஆண்டுகளாக ஞாயிறுதோறும் ஒரு கட்டுரை எழுதி, நண்பர்களும் அவர்கள் வழியே அறிமுகமானவர்களும் அடங்கிய சிறு வட்டத்துக்கு அனுப்பிவருகிறேன். தொடக்கத்தில் இருந்த உற்சாகம் இப்போது இல்லை. எழுத விஷயம் கிடைப்பதில்லை. சில வாரங்கள் விட்டுப்போகின்றன, குற்றவுணர்ச்சி வருகிறது. படிப்பவர்களும் குறைந்துவிட்டார்கள். எழுதுவதற்கு உகந்த நேரம் எது? கையால் எழுதுவது நல்லதா, தட்டச்சு செய்யலாமா? வாரம் ஒன்று என்ற கட்டாயத்தை விட்டுவிடலாமா? அண்மையில் எழுதிய மூன்று கட்டுரைகளை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

என் பழைய குறிப்பேடுகளில் எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றைக் கழிப்பது என்று சில வாரங்களாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பக்கத்தில் கை நிற்கிறது, எந்தப் பக்கத்தை விரல் தானாகவே தள்ளிவிடுகிறது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததால்தான் இந்தப் பதில். எழுத உகந்த நேரம் எது என்று கேட்பவர்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்களை யாரும் கூப்பிடாத நேரம் எதுவோ அதுதான். கையா தட்டச்சா என்பது அதைவிடவும் சின்ன விஷயம்.

படிப்பவர்கள் குறைவது பற்றிக் கவலைப்படுகிறீர்கள். ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் 1750 முதல் 1752 வரை செவ்வாயும் சனியும் கட்டுரை என்று நடத்திய பத்திரிகையில் 208 இதழ்கள் வந்தன. மிகச் சிலவற்றைத் தவிர எல்லாம் அவரே எழுதியவை. ஓர் இதழ் 500 பிரதிகள்கூட விற்றதில்லை என்பார்கள். பொதுமக்களின் பிரியத்துக்கு உரியவனாகத் தான் இருந்ததில்லை என்று கடைசி இதழில் அவரே எழுதினார். அவ்வளவுதான், மேலே போவோம்.

விட்டுப்போன வாரங்களுக்குக் குற்றவுணர்ச்சி எதற்கு? பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் நமக்குக் கிடைத்திருப்பதிலும் இடைவெளிகள் உண்டு. அதற்காக யாரும் அவரைப் படிக்காமல் விட்டுவிடவில்லை. எந்தக் கப்பல் வந்தது, யாருக்கு மரியாதையாக எத்தனை பீரங்கி வெடித்தார்கள், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே என்ன கேட்டார், அதற்குத் தாம் என்ன சொன்னார் என்று எழுதிக்கொண்டே போகிறார். அவரிடம் கருத்துகள் இல்லாமலில்லை. தமக்கு யார்மேல் கசப்பு என்பதை அவர் ஒளித்ததும் இல்லை. ஆனால் அந்தக் கசப்பை ஓர் ஆளோடும் ஒரு நாளோடும் ஒரு பேச்சோடும் சேர்த்தே எழுதிவைத்தார்.

இனி உங்கள் கட்டுரைகள். முதலாவது தனிமை பற்றி, இரண்டாவது அவசர வாழ்க்கை பற்றி, மூன்றாவது மாற்றம் பற்றி. மூன்றிலும் சேர்த்து ஒரு மனிதர்கூட வாய் திறக்கவில்லை. ஒரு பொருள்கூடத் தொலையவோ உடையவோ இல்லை. விஷயம் கிடைப்பதில்லை என்கிறீர்கள். எப்படிக் கிடைக்கும்? தனிமையைப் பற்றி ஒருவருக்கு வாழ்நாளில் நான்கைந்து கருத்துகள் தேறும். வாரம் ஒன்றாகச் செலவழித்தால் மாதக் கடைசியில் கையிருப்பு தீர்ந்துவிடும், பிறகு அவற்றையே வேறு சொற்களில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதற்கு வறட்சி என்று பெயர் சூட்டாதீர்கள். சோம்பல் என்றே சொல்லலாம். கருத்துச் சொல்வதற்கு எழுந்துபோய் எதையும் பார்க்க வேண்டியதில்லை, யாரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டியதில்லை. அதனால்தான் அது இவ்வளவு சரளமாக வருகிறது.

என் அம்மாவுக்கு அறுவைசிகிச்சை நடந்த இரவில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். பெரும்பகுதி மரணம், அச்சம், பிள்ளைகளின் கடமை. அவற்றை மறுபடி படிக்கும் தேவையே எனக்கு இல்லை. அந்த அச்சம் அப்படியே நினைவிருக்கிறது, கேட்டால் இப்போதே எழுதித் தருவேன். ஆனால் இறுதியில், இடம் மிஞ்சியதால் எழுதியதுபோல ஒரு வரி இருக்கிறது. மயக்கம் தெளிந்ததும் அம்மா முதலில் கேட்டது, "மாடியிலே காயப்போட்ட துணியை எடுத்தியா?" அவர் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த வரியைப் படிக்கும்வரை அப்படியொரு கேள்வி கேட்கப்பட்டதே என் நினைவில் இல்லை. துக்கத்தையும் தீர்மானங்களையும் மனம் தானாகவே பத்திரப்படுத்திக்கொள்கிறது, மெருகேற்றியும் வைத்துக்கொள்கிறது. துணியைப் பற்றிய கேள்வியை அது ஒரு மாதம்கூட வைத்திருப்பதில்லை. அதை வைத்திருக்கத்தான் எழுத்து வேண்டியிருக்கிறது. வாரக் கெடுவும் அதற்காகத்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதியாக வேண்டும் என்றிருப்பவர் புதன்கிழமையே காதைத் திறந்துவைத்துக்கொள்கிறார், அந்த வாரத்தின் பேச்சு அந்த வாரத்திலேயே ஏட்டில் ஏறிவிடுகிறது. ஆறு மாதம் தள்ளி எழுதினால் பேசியவரின் சொற்கள் போய், அவற்றுக்கு நாம் செய்துகொண்ட சுருக்கம்தான் மிஞ்சும். எனவே கட்டாயத்தை விடாதீர்கள்.

உங்கள் மூன்றாம் கட்டுரையின் நடுவே, "சென்ற மாதம் அப்பாவின் அச்சகத்தை மூடினோம்" என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. அடுத்த வாக்கியத்திலேயே மாற்றம் ஒன்றே மாறாதது என்று கிளம்பிவிட்டீர்கள். எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அச்சு எந்திரம் பழைய டிரெடிலா ஆஃப்செட்டா என்றுகூட நீங்கள் எழுதவில்லை. அந்த எந்திரத்தை யார் எடுத்துப்போனார்கள்? எடைக்குப் போட்டீர்களா? அங்கே வேலை செய்தவரிடம் மூடப்போகிறோம் என்று யார் சொன்னது, நீங்களா அப்பாவா? அவர் என்ன பதில் சொன்னார்? கடைசியாக அச்சானது யாருடைய அழைப்பிதழ், எந்தக் கடையின் பில் புத்தகம்? பெயர்ப்பலகையைக் கழற்றி எங்கே வைத்திருக்கிறீர்கள்?

ஒரு மாதம்தான் ஆகிறது என்பதால் பாதியாவது உங்களுக்கு நினைவிருக்கும். மீதியை அப்பாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொல்கிறபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். வரும் ஞாயிற்றுக்கு இதுதான் கட்டுரை. மாற்றம் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் வரக் கூடாது. எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.