தூரம் ஒன்றுதான், போகவும் வரவும் நேரம் ஏன் வேறு?

கேள்வி: டோக்கியோ ஹனேடாவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் சுமார் 8,800 கி.மீ. என்கிறது இணையம். டிக்கெட்டிலோ போக 10 மணி நேரம், வர கிட்டத்தட்ட 12 மணி நேரம். ஜனவரியில் மாலை 5 மணிக்குக் கிளம்பி, அதே நாள் காலை 10 மணிக்கே போய்ச் சேர்வதாகவும் இருக்கிறது. அங்கிருந்து தனி டிக்கெட்டில் வேறு விமானம் பிடிக்க வேண்டும். எந்தக் கணக்கை நம்புவது?

பதில்: டிக்கெட்டை நம்புங்கள். அதில் தவறு எதுவும் இல்லை.

போக வர இரண்டு மணி நேரம் வித்தியாசப்படுவதற்குக் காற்றுதான் முக்கியக் காரணம். விமானம் பறக்கும் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 300 கி.மீ.யைக்கூடத் தாண்டும். வழி முழுக்க அந்த வேகம் இருக்காது, சராசரியாக 100 கி.மீ. என்றே வைத்துக்கொள்வோம். மணிக்கு 900 கி.மீ. போகிற விமானம் காற்றோடு போகும்போது தரையைப் பொறுத்து 1,000 கி.மீ. வேகம் பெறுகிறது, 8,800 கி.மீ.யை ஒன்பது மணி நேரத்துக்குள் கடந்துவிடும். எதிர்க்காற்றில் வேகம் 800 ஆகிவிடும், அப்போது 11 மணி நேரம் வேண்டும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் சேர்த்துப் பாருங்கள், டிக்கெட்டில் உள்ள கணக்கு வந்துவிடும்.

இணையம் காட்டும் தூரம் பூமிப் பந்தின் மேல் அளந்த மிகக் குறுகிய வழி. விமானிகள் அந்தக் கோட்டிலேயே போவதில்லை. அன்றைய காற்றைப் பார்த்துப் பாதையை மாற்றுவார்கள். சில சமயம் நாடுகளே பாதையை அடைத்துவிடும். ஹெல்சின்கி–டோக்கியோ இதற்கு நல்ல உதாரணம். ரஷ்ய வான்வெளி 2022இல் மூடப்பட்ட பிறகு, ஒன்பதரை மணி நேரத்துக்குள் முடிந்த பயணம் 13 மணி நேரம் ஆனது. இரண்டு ஊர்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன! அதனால்தான், தூரத்தை வேகத்தால் வகுத்துப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

சரி, கிளம்பும் முன்பே சேர்வது எப்படி? ஜனவரியில் டோக்கியோ 17 மணி நேரம் முன்னால் இருக்கிறது. மாலை 5 மணியோடு 10 மணி நேரம் சேர்த்தால் டோக்கியோவில் மறுநாள் அதிகாலை 3 மணி. அதிலிருந்து 17 மணி நேரம் பின்னால் போனால் லாஸ் ஏஞ்சல்ஸில் அதே நாள் காலை 10. கோடையில் அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் நகர்வதால் வித்தியாசம் 16 மணி நேரம்தான்.

அடுத்த விமானத்தைப் பற்றி: டிக்கெட்டில் உள்ள 10 மணி, விமானம் வாயிலுக்கு வந்து நிற்கும் நேரம். அதற்கு அப்புறம் குடியேற்றச் சோதனை, பெட்டிகளை எடுத்துச் சுங்கம் கடப்பது, முனையம் மாறுவது, மறுபடி பாதுகாப்புச் சோதனை எல்லாம் இருக்கின்றன. டிக்கெட் தனி என்பதால், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. நான்கு மணி நேரமாவது இடைவெளி விட்டு, பிற்பகல் 2 மணிக்கு மேல் கிளம்பும் விமானமாகப் பதிவு செய்யுங்கள்.