‘வயிற்றுவலி’ என்று வரும் பெண்

கேள்வி: என் அக்கா மகளுக்கு 16 வயது. பதினோராம் வகுப்பு படிக்கிறாள். மூன்று மாதமாக விலக்காகவில்லை என்று போன வாரம் என்னிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்னாள். கடையில் சோதனைப் பட்டை வாங்கிப் பார்த்தோம், இரண்டு கோடு. அக்காவுக்கும் மாமாவுக்கும் தெரியாது. மாத்திரை வாங்கிக் கொடுத்தால் இரண்டே நாளில் சரியாகிவிடும் என்கிறாள் என் தோழி. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும், ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. இந்த வயதில் கலைத்தால் பிற்காலத்தில் குழந்தை தங்காது என்பது உண்மையா? அப்பா, அம்மா இருவரும் படித்து வேலையில் இருக்கும் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு எப்படி இப்படி நேர்ந்தது என்றே எனக்கு விளங்கவில்லை.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

உங்கள் தோழி சொல்வது மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற இரண்டு மருந்துகளைத்தான். நல்ல மருந்துகள்; நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் நம் நாட்டில் அந்த மாத்திரைப் பொதிக்கு அனுமதி 9 வாரம் வரைதான், அதுவும் மருத்துவர் பார்வையில். கருவின் வாரத்தைக் கடைசியாக விலக்கான முதல் நாளிலிருந்து எண்ணுவோம். மூன்று முறை தள்ளிப்போயிருக்கிறது என்றால் 12 முதல் 16 வாரம் வரை ஆகியிருக்கும். அந்தக் கட்டத்தில் வீட்டில் வைத்து மாத்திரை கொடுத்தால் பாதி வெளியேறிப் பாதி உள்ளே தங்கும், ரத்தம் நிற்காது. நள்ளிரவில் ஆட்டோ தேடி ஓடும்போது நீங்கள் மறைக்க நினைத்தது தெரு முழுவதும் தெரிந்துவிடும். கரு கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை அதைக் கலைக்கவும் கலைக்காது; குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகும். ஸ்கேன் பார்க்காமல் இதெல்லாம் யாருக்கும் தெரியாது.

பப்பாளிக்காய், எள்ளுருண்டை, கருஞ்சீரகக் கஷாயம் எல்லாம் ஏற்கெனவே கொடுத்துப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் பார்ப்பதுதான். அவை கருவைக் கலைப்பதில்லை, நாட்களைத்தான் கரைக்கின்றன.

குழந்தை தங்காது என்ற பயத்துக்கு வருகிறேன். தகுதி பெற்ற மருத்துவர், சுத்தமான இடத்தில், சரியான வாரத்தில் செய்யும் கருக்கலைப்பு பிற்காலக் கர்ப்பத்தைத் தடுக்காது. 12 வாரத்துக்குள் என்றால் உறிஞ்சி எடுக்கும் முறையில் பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் மருத்துவமனையில் தங்கி, மருந்து கொடுத்து, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வோம். கர்ப்பப்பை கெட்டுப்போகும் கதைகள் ஊரில் உலவுவதற்குக் காரணம் உண்டு. குச்சி வைத்தவர்களிடமும் பட்டமில்லாதவர்களிடமும் போய்ச் சீழ் பிடித்து வந்த பெண்களைப் பார்த்த தலைமுறை சொல்லி வைத்த கதைகள் அவை. பயிற்சி மருத்துவராக இருந்தபோது எருக்கங்குச்சியோடு வந்த ஒரு பெண்ணை நானும் பார்த்திருக்கிறேன்.

என் மேசைக்கு வரும் சிறுமிகளின் உடம்பைக் கெடுப்பது பெரும்பாலும் தாமதம். அந்தத் தாமதத்தை அவர்கள் தனியாக உண்டாக்குவதில்லை. நாம் எல்லோரும் கை கொடுக்கிறோம். ‘எப்படி நேர்ந்தது’ என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதற்குள்தான் இருக்கிறது.

அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒன்று சொல்கிறேன். பள்ளிச் சீருடையிலேயே ஒரு பெண்ணை அவள் அம்மா அழைத்து வந்தார். வயிற்றுவலியாம். கையில் ஒரு கட்டுச் சீட்டு. மூன்று மாதமாக வெளியே யாரோ எழுதித் தந்த அல்சர் மாத்திரைகள். “இவளுக்கு எப்போதுமே ஒழுங்காக வராது டாக்டர்” என்றார் அம்மா. ரத்தப் பரிசோதனைச் சீட்டு வாங்கி வரும்படி அவரை வெளியே அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசினேன். மாதாமாதம் அம்மாவிடம் நாப்கின் வாங்கித் தரச் சொல்லி, பிரிக்காமலே பீரோவுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறாள். ஐந்து பாக்கெட். “அம்மா தேதி எழுதி வைப்பாங்க, அதனால” என்றாள். ஸ்கேனில் 22 வாரம்.

ஐந்து மாதம் ஒரு குழந்தை இந்தக் கணக்கைத் தனியாக நடத்தியிருக்கிறாள். தேதியைக் காலண்டரில் குறித்து வைத்த அம்மா அலட்சியமான அம்மா அல்லர். மகளின் தீட்டுத் தேதி அவர் கணக்கில் இருந்தது. மகள் எதற்குப் பயப்படுகிறாள் என்பது தெரியவில்லை.

நம் ஊரில் ஒரு பெண் வயதுக்கு வந்தால் மண்டபம் பிடிக்கிறோம். தாய்மாமன் சீர்வரிசை ஊர்வலமாக வருகிறது. தெருமுனையில் அவள் படத்தோடு டிஜிட்டல் பேனர் நிற்கிறது. இந்த உடம்பு கருத்தரிக்கத் தயாராகிவிட்டது என்று நூறு வீட்டுக்குப் பத்திரிகை வைத்துச் சொல்லிவிட்டு, அது எப்படி நடக்கும் என்று அவளுக்கு மட்டும் சொல்வதில்லை. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இனப்பெருக்கப் பாடம் இருக்கிறது. வகுப்பில் அதை முழுதாக நடத்தினார்களா என்று என்னிடம் வரும் பெண்களைக் கேட்பேன். ‘வீட்டில் படித்துக்கொள்ளச் சொன்னார்கள்’ என்பதே வழக்கமான பதில். சடங்குக்குப் பிறகு வீட்டில் கூடுவது காவல்தான், பேச்சு குறைந்துவிடுகிறது. எதைச் சொன்னால் படிப்பு நின்றுவிடும், எதைச் சொன்னால் மாப்பிள்ளை பார்ப்பார்கள் என்று அவள் எடை போடக் கற்றுக்கொள்கிறாள். நாள் தள்ளிப்போனதும் அந்தத் தராசில்தான் வைத்துப் பார்க்கிறாள். ‘அடுத்த மாதம் வந்துவிடும்’ என்று நான்கு வாரம் போகிறது.

படித்த வீட்டில் எப்படி என்கிறீர்கள். எந்த வீட்டிலும் நேரும். வீட்டுக்கு வீடு மாறுவது அதிலிருந்து வெளியே வரும் வழி. வசதியுள்ளவர்கள் வேறு ஊருக்குக் காரில் கூட்டிப்போய், ‘அப்பெண்டிக்ஸ்’ என்று சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். கூலி வேலைக்குப் போகும் அம்மா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மூன்று இடம் அலைய வேண்டும். அந்தப் பெண்ணுக்குப் பள்ளியும் பெரும்பாலும் அத்தோடு முடிகிறது. பையன் யார், என்ன சாதி என்பது இதற்கு மேல். ஒரே சாதி என்றால் 18 ஆகும்வரை மூடி வைத்துக் கட்டி வைத்துவிடலாம் என்று பேச்சு நடக்கிறது. சில வீடுகளில் 18 வரை காத்திருப்பதும் இல்லை. வேறு சாதி என்றால் அன்று மாலையே புகார் எழுதப்படுகிறது. இரண்டு இடத்திலும் அவளைக் கேட்பவர் யாரும் இல்லை. பேச்சுவார்த்தை முடியும்வரை என் கணக்கில் இன்னும் இரண்டு மூன்று வாரம் கூடிவிடுகிறது.

சட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. கருக்கலைப்புக்கு இடம் தந்த 1971ஆம் ஆண்டுச் சட்டம் திருமணமான பெண்ணை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கருத்தடை தவறிப்போனதால் உண்டான கர்ப்பம் என்ற பிரிவில் ‘திருமணமான பெண், அவள் கணவர்’ என்றே இருந்தது. 50 ஆண்டு கழித்து, 2021 திருத்தத்தில்தான் அது ‘எந்தப் பெண்ணும், அவள் துணைவரும்’ என்று மாறியது. 2012இல் வந்த போக்சோ சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாமலிருப்பது குற்றம். குழந்தைகளைக் காக்க வந்த சட்டம் அது. வேண்டியதும்கூட. ஆனால் இதனால் பயந்து பெண்ணை ஆஸ்பத்திரிப் பக்கமே கூட்டி வராமல், மாத்திரைக்கும் மருத்துவச்சிக்கும் அலைகிறவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். 17 வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்களும் இதே பயத்தில் கர்ப்பத்தைப் பதியவே வருவதில்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) நாட்டில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் 23.3 சதவீதம் பேர் 18 நிறையுமுன் மணமானவர்கள். எத்தனை பேர் இப்படி ஒளிந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் போலீஸ் பயத்துக்கு நேரான பதில்: ஆம், மருத்துவர் தகவல் தந்தாக வேண்டும். ஆனால் 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: விருப்பத்தோடு ஏற்பட்ட உறவில் கருவுற்ற சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் குறிப்பிடத் தேவையில்லை. எஃப்.ஐ.ஆர். நகல் கொண்டுவந்தால்தான் கலைப்போம் என்று யாராவது சொன்னால் அதற்கும் சட்டத்தில் ஆதாரம் இல்லை. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் விவரத்தை உரிய அதிகாரமில்லாத எவரிடமும் வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. போக்சோவில் வாக்குமூலம் வாங்க வரும் அதிகாரி சீருடையில் வரக் கூடாது. அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான் பேச வேண்டும். பத்திரிகையில் பெயர் போடுவது குற்றம். இதையெல்லாம் எல்லா இடத்திலும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள் என்று நான் உறுதி தரமாட்டேன். தெரிந்து வைத்துக்கொண்டு கேளுங்கள். தெரிந்தவர் கேட்டால் குரல் மாறும்.

18 வயதுக்குக் கீழே பாதுகாவலரின் கையெழுத்து கட்டாயம். சட்டம் ‘பெற்றோர்’ என்று சொல்லவில்லை, அவளைப் பொறுப்பில் வைத்திருப்பவர் என்கிறது. ஆனால் அவள் அம்மாவோடு வாழும் பெண் என்பதால், சித்தி கையெழுத்தை ஏற்க மருத்துவர் தயங்குவார். எனவே அக்காவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்கு முன் அவளிடம் தனியாகக் கேளுங்கள். ‘யார்’ என்று அதட்டுவதற்காகக் கேட்க வேண்டாம். வீட்டுக்குள் வந்துபோகும் ஆளா, அவள் பயப்படும் ஆளா என்று தெரிந்துகொள்ளக் கேளுங்கள். அப்படி இருந்தால் அவளை இன்றிரவு அந்த வீட்டுக்கு அனுப்பாதீர்கள், 1098க்கு அழையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் அது, எந்நேரமும் எடுப்பார்கள்.

இன்னொன்றையும் அவளிடமே கேளுங்கள்: அவளுக்கு என்ன வேண்டும்? நீங்கள் எல்லோரும் ‘கலைப்பது’ என்று முடிவு செய்துவிட்டீர்கள். பாதுகாவலர் கையெழுத்து என்பது அவள் விருப்பத்துக்கு மேல் வைக்கும் முத்திரை அன்று. அவள் வேண்டாம் என்று சொல்லும்போது கட்டாயப்படுத்திச் செய்யும் கருக்கலைப்பு குற்றம். நான் அவளை அறையில் தனியாக வைத்துத்தான் கேட்பேன். சில சமயம் அம்மா வெளியே கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

20 வாரம் வரை ஒரு மருத்துவர் முடிவு செய்யலாம். 20க்கு மேல் 24 வரை இரண்டு மருத்துவர்கள் வேண்டும். அந்த வாரங்களில் அனுமதியுள்ளவர்களில் சிறுமிகளும் ஒரு பிரிவு. அதையும் தாண்டினால் மருத்துவ வாரியம், உயர் நீதிமன்றம் என்று அலைய வேண்டியிருக்கும். மேலே சொன்ன நாப்கின் பெண் அந்த விளிம்புக்கு இரண்டே வாரம் முன்னால் வந்தாள். உங்கள் பெண்ணுக்கு இன்னும் இடமிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

நாளைக் காலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்கு அக்காவோடு போங்கள். ஆதார் அட்டையோ வயதைக் காட்டும் பள்ளிச் சான்றோ போதும். ஸ்கேன், ஹீமோகுளோபின், ரத்த வகை பார்ப்பார்கள். இந்த வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதால் ஹீமோகுளோபினை விட்டுவிட வேண்டாம். ரத்த வகை நெகடிவ் என்றால் ஆன்டி-டி என்ற தடுப்பு ஊசி போட்டார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால், நீங்கள் பயப்படும் அந்தப் ‘பிற்காலக் குழந்தை’க்குத்தான் உண்மையாகவே தொல்லை வரும்.

வீடு திரும்பிய பின் இரண்டு மணி நேரம் தொடர்ந்து, மணிக்கு இரண்டு நாப்கின் முழுதாக நனைந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டி ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, நாற்றமுள்ள வெள்ளை போனாலோ, மயக்கமோ தாங்க முடியாத வலியோ வந்தாலோ உடனே திரும்பி வாருங்கள். இரண்டு வாரத்திலேயே கருமுட்டை மீண்டும் வெளிவரலாம். அதனால் கருத்தடை பற்றி மருத்துவர் பேசுவார். ‘அதெல்லாம் எங்கள் பெண்ணுக்குத் தேவையில்லை’ என்று அக்கா குறுக்கிடுவார். அந்த ஐந்து நிமிடம் அவரை வெளியே டீ குடிக்க அழைத்துப் போய்விடுங்கள்.

பெரும்பாலான பெண்கள் மூன்று நான்கு நாளில் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். விடுப்புக் கடிதத்தில் ‘உடல்நலக் குறைவு’ என்று எழுதினால் போதும். காரணம் கேட்டு மருத்துவச் சான்று வேண்டும் என்றால், அதே இரண்டு சொல்லோடு நாங்களே எழுதித் தருவோம்.