பள்ளியில் லத்தீன் படிக்காதவர் கிளாசிக்ஸ் பட்டப்படிப்பில் சேரலாமா? அங்கே உண்மையில் என்ன படிப்பார்கள்?

கேள்வி கேட்டவர், இங்கிலாந்தில் ஏ லெவல் (பள்ளி இறுதித் தேர்வு) படிக்கும் தம் மகள் பண்டைய கிரேக்க, உரோம உலகைப் பற்றிப் பட்டப்படிப்புப் படிக்க விரும்புவதாகவும், அவளுடைய பள்ளியில் லத்தீன் கற்பிக்கப்படுவதில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

தாராளமாகச் சேரலாம்; நானும் அப்படிச் சேர்ந்தவன்தான். கேம்பிரிட்ஜில், லத்தீன் ஏ லெவல் இல்லாதவர்களுக்கென்றே மூன்றாண்டுப் படிப்போடு ஓராண்டைக் கூட்டி நான்காண்டுப் படிப்பு ஒன்று இருக்கிறது. ஆக்ஸ்போர்டில் இந்தப் படிப்பு எல்லோருக்குமே நான்கு ஆண்டுகள். மொழியை அங்கே போய்த் தொடங்கவும் வழி உண்டு. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2021ஆம் ஆண்டில் கிரேக்கமோ லத்தீனோ கட்டாயம் என்னும் விதியையே எடுத்துவிட்டது. எனவே சேர்வது பெரிய தடை அல்ல. சேர்ந்த பிறகு முதல் ஒன்றரை ஆண்டில் என்ன நடக்கும் என்பதைத்தான் உங்கள் மகள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

புராணம், தத்துவம், சீசர், சாக்ரடீஸ் என்று கனவு கண்டுகொண்டு போகிறவருக்கு அங்கே முதலில் கிடைப்பது வாய்பாடு. காலையில் கிரேக்க வினைத் திரிபுகள், மாலையில் லத்தீன் பெயர்த் திரிபுகள், வாரக் கடைசியில் சொற்பட்டியல் தேர்வு. கட்டணப் பள்ளிகளில் பதினொரு வயதிலிருந்தே லத்தீன் படித்துவந்தவர்கள் பக்கத்து அறையில் உரோமக் கவிஞர் வெர்ஜிலை வாசித்துக்கொண்டிருக்க, நாங்கள் 'உழவன் நீரைச் சுமக்கிறான்' என்ற அளவில் இருந்தோம். முன்பின் பார்த்திராத ஒரு பத்தியை அகராதி இல்லாமல் மொழிபெயர்க்கும் தேர்வில் முதல் முறை எனக்குக் கிடைத்த மதிப்பெண் நூற்றுக்கு 31. இந்த இடைவெளி இரண்டாம் ஆண்டின் இறுதி வரை முழுமையாக மூடவில்லை என்பதையும், அதற்குத் திறமைக் குறைவு காரணமில்லை என்பதையும் உங்கள் மகளிடம் சொல்லிவையுங்கள்.

எனக்குக் கைகொடுத்தது, சிறுவயதில் அலுத்துக்கொண்டே போன இலண்டன் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி. ஐ, ஆல், கு என்று வேற்றுமை உருபுகளை ஒப்பித்த ஒருவனுக்கு, ஒரு பெயர்ச்சொல்லின் இறுதி மாறினால் வாக்கியத்தில் அதன் வேலையும் மாறும் என்பது புதுச் செய்தி அல்ல. ஆங்கிலம் மட்டும் அறிந்த வகுப்புத் தோழர்கள் அதை ஏற்றுக்கொள்ளவே சில வாரங்கள் ஆயின. தமிழில் விளியோடு சேர்த்து எட்டு வேற்றுமைகள், லத்தீனில் ஆறு, கிரேக்கத்தில் ஐந்து. நீங்கல் பொருளுக்குக் கிரேக்கத்தில் தனி உருபு இல்லாததால் நம் ஆறாம் வேற்றுமைக்கு ஈடான உடைமை வேற்றுமையே அந்தச் சுமையையும் தாங்குகிறது.

இதைவிட வியப்பூட்டியது, செய்வினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் நடுவே கிரேக்கத்தில் இருக்கும் மூன்றாவது வினைவடிவம். ஹோமரின் இலியட் காவியத்தின் முதல் இருபது வரிகளில் அதைப் பார்க்கலாம். அப்பல்லோவின் பூசாரி கிரைசஸ், கிரேக்கர் சிறைபிடித்துவைத்திருக்கும் தன் மகளுக்காக மீட்புப் பொருளோடு கப்பல்களிடம் வருகிறான். 13ஆம் வரியில் அவன் வந்த நோக்கத்தைச் சொல்லும் சொல் 'லூசோமெனோஸ்'; அது அந்த மூன்றாவது வடிவில் இருக்கிறது. 20ஆம் வரியில் அவன் கிரேக்கரிடம் மகளை விடும்படி கேட்கும்போது வருவதும் அதே வினைதான். ஆனால் அங்கே அது சாதாரணச் செய்வினை வடிவில் நிற்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலும் இவை வேர்த் தொடர்பற்ற இரண்டு சொற்களாகிவிடுவதால் ஹோமர் ஒரே வினையைத் திருப்பிப் பயன்படுத்துவது கண்ணில் படுவதில்லை. தமிழில் முதலாவதை 'விடுவித்துக்கொள்ள' என்றும் இரண்டாவதை 'விடுவியுங்கள்' என்றும் எழுதிப் பாருங்கள். செய்பவன் தனக்காகச் செய்கிறான் என்பதை நம் 'கொள்' என்னும் துணைவினை அப்படியே தாங்கிவிடுகிறது. நூலகத்தில் இதைக் கண்ட அன்று அருகிலிருந்த தோழியிடம் விளக்க முயன்று தோற்றேன்.

பிறகு வருவது வாசிப்பு, அதுவும் மிக மெதுவான வாசிப்பு. கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸின் நூலில் ஒரு மணி நேர வகுப்புக்கு அரைப் பக்கம் முடிந்தால் நல்ல நாள். நாடகம், தத்துவம், சட்டம், கல்வெட்டு, தொல்பொருள், மொழியியல் என்று விருப்பப் பாடங்கள் பல உண்டு. அவற்றைப் பல்கலைக்கழகங்களே விரிவாக விளக்கி வெளியிட்டிருப்பதால் நான் பட்டியலிடவில்லை.

என்னைப் பிடித்துக்கொண்டவை பெருங்காவியங்களை விடச் சிறிய எழுத்துகள்தாம். வட இங்கிலாந்தில் உரோமர் கட்டிய ஹேட்ரியன் சுவருக்கு அருகே, விண்டொலாண்டா கோட்டையில் 1973 முதல் கிடைத்துவரும் மெல்லிய மரப்பலகைகளில், கி.பி. 100ஐ ஒட்டி கிளாடியா செவேரா என்ற பெண் தன் தோழி லெபிடினாவைச் செப்டம்பர் 11ஆம் நாள் தன் பிறந்தநாளுக்கு அழைக்கும் மடல் இருக்கிறது. மடலை ஓர் எழுத்தர் சீரான கையில் எழுதியிருக்கிறார். கீழே செவேரா தன் கையால், தடுமாறும் எழுத்தில், 'சகோதரி, உன்னை எதிர்பார்த்திருப்பேன்' என்று சேர்த்திருக்கிறாள். அந்தக் காலத்து விரைவுக் கையெழுத்தின் படத்தை முதன்முதலில் கொடுத்தபோது எங்களில் ஒருவராலும் ஓர் எழுத்தைக்கூடப் பிரித்தறிய முடியவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து 'சொரோர்', அதாவது சகோதரி, என்ற சொல்லை நானே கண்டுபிடித்தேன்.

இறுதியாண்டுக் கட்டுரைக்கு நான் எடுத்தது வியன்னாவில் உள்ள, கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த முசிறிப் பாப்பிரசு. 1985இல் பதிப்பிக்கப்பட்ட அந்தக் கிரேக்க ஆவணத்தின் ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம். சரக்கு ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து எகிப்தின் நைல் ஆற்றங்கரை நகரான கொப்டோஸுக்கும், அங்கிருந்து ஆற்றுவழியாக அலெக்சாந்திரியாவுக்கும் செல்ல வேண்டும் என்று அது விதிக்கிறது. மறுபக்கம் ஹெர்மபொல்லோன் என்னும் கப்பலில் வந்த கங்கைக்கரை நறுமணப் பொருள், யானைத்தந்தம் முதலியவற்றின் மதிப்பு. இறக்குமதித் தீர்வையே நான்கில் ஒரு பங்கு. 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று அகநானூறு முசிறியைப் பாடுவதை மனப்பாடமாக அறிந்திருந்த எனக்கு, அதே வணிகத்தைக் கடன்காரனின் கணக்காக, கிரேக்கத்தில், சொல் சொல்லாகப் படித்தது தனி அனுபவம். (ஒப்பந்தக்காரர் இருவரின் பெயரும் சிதைந்த பகுதியோடு போய்விட்டன என்பது இன்றும் எனக்கு எரிச்சல்தான்.)

வேலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் கேட்க நினைத்திருப்பீர்கள். என் வகுப்பிலிருந்து சட்டத்துக்கும் அரசுப் பணிக்கும் ஆசிரியப் பணிக்கும் போனார்கள். நான் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கிறேன். தொழிற்படிப்பு முடித்தவர்களைப் போல வேலை உடனே தேடி வராது.

விண்ணப்பிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். தொடக்கநிலைக் கிரேக்க இலக்கண நூல் ஒன்றை வாங்கி, கோடை விடுமுறையில் ஆறு வாரம் அவளை நாள்தோறும் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். வாய்பாடு எழுதுவது அவளுக்குப் பிடித்திருந்தால் கிளாசிக்ஸுக்கு விண்ணப்பிக்கட்டும். பிடிக்காமல், அந்த உலகத்தின் மீதான ஆர்வம் மட்டும் அப்படியே இருந்தால், மொழிபெயர்ப்புகளின் வழியே படிக்கும் பண்டைய வரலாறு, செவ்வியல் நாகரிகம் ஆகிய பட்டப்படிப்புகள் பல பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. விண்ணப்பத்தில் அவற்றுக்குத் தனிக் குறியீட்டு எண் உண்டு என்பதால் கவனமாகப் பார்த்து நிரப்புங்கள்.