பழைய ஆர்15 வி3: விழுந்த வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: வேலைக்குப் போய்வர தினமும் 40 கி.மீ. ஓட்டுகிறேன். உயரம் 5 அடி 5 அங்குலம். பழைய யமஹா ஆர்15 வி3 (மூன்றாம் பதிப்பு) பைக் வாங்க ஆசை. 2018 மாடல் ஒன்று 19,000 கி.மீ., 2019 மாடல் ஒன்று 34,000 கி.மீ. ஓடியிருக்கிறது. குறைவாக ஓடியதையே எடுக்கலாமா?

பதில்: நானாக இருந்தால் 2019 வண்டியைத்தான் முதலில் பார்ப்பேன். திடீரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், இந்தியாவில் வி3-க்கு வந்ததே 2019 ஜனவரியில்தான். தினமும் 40 கி.மீ., மழையிலும் மணலிலும் பிரேக் பிடிக்கப் போகிறவருக்கு அது பெரிய விஷயம். ஆனால் 2018-இல் தயாராகி 2019-இல் பதிவான வண்டிகளும் உண்டு. ஆர்சியை மட்டும் நம்பாமல் முன்சக்கரத்தில் குனிந்து பாருங்கள். டிஸ்க்குக்கு உள்பக்கம், வரிசையாகத் துளை போட்ட சின்ன வளையம் இருந்தால் ஏபிஎஸ் இருக்கிறது.

2008-இல் முதல் ஆர்15 வந்தபோதே, யமஹாவின் 1000 சிசி ஆர்1-ஐப் பார்த்துச் செய்த வண்டி அது. அதன் டெல்டாபாக்ஸ் சட்டம் 80-களின் 500 சிசி பந்தய வண்டிகளிலிருந்து வந்த அமைப்பு. இப்படி ஒரு வண்டி கையில் கிடைத்தால் வளைவில் சாய்த்துப் பார்க்காமல் யாரும் விடமாட்டார்கள். அதனால் கிலோமீட்டரைவிட, விழுந்ததா என்பதுதான் முக்கியம்.

போன வருடம் ஒரு தம்பி பளபளவென்று ஒரு வி3 கொண்டுவந்தார். ஃபேரிங் (வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறை) முழுக்கப் புதுசு. ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, அது வந்து முட்டும் ஸ்டாப்பரை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் பெயிண்ட் பெயர்ந்து உலோகம் நசுங்கியிருந்தது. சும்மா சாய்ந்த வண்டியில் அப்படி இருக்காது. நீங்களும் அந்த இடத்தைப் பாருங்கள். அப்புறம் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் வந்ததும் லேசாகச் சிக்கி நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) போய்விட்டது. முன்பிரேக்கைப் பிடித்து, முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க்கை நாலு தடவை அழுத்திவிட்டு விரலால் தடவுங்கள். எண்ணெய் ஒட்டினால் ஆயில் சீல் மாற்ற வேண்டும். அது சின்னச் செலவுதான். ஃபோர்க் வளைந்திருந்தால் வண்டியை விட்டுவிடுங்கள்.

எஞ்சினில் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். இதன் சிலிண்டர் டயாசில் எனும் அலுமினியக் கலவை. உள்ளே இரும்பு லைனர் கிடையாது. தேய்ந்துவிட்டால் மற்ற வண்டிகளைப் போல ரீபோர் செய்ய (உள்சுவரைக் கடைந்து பெரிதாக்க) முடியாது, சிலிண்டர் பிளாக்கையே மாற்ற வேண்டும். ஆக்சிலேட்டரை முறுக்கும்போது நீலப் புகை வந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். கூலன்ட் டப்பாவையும் பாருங்கள். துரு நிறத்தில் இருந்தால் யாரோ குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள்.

நகரத்துக்குச் சரிவருமா என்றால், எஞ்சின் சரிவரும். 155 சிசிதான், ஆனால் எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப வால்வு திறப்பை மாற்றும் விவிஏ இருக்கிறது. 7,400 ஆர்பிஎம்முக்குக் கீழே இன்டேக் வால்வுகளை ஒரு கேம் (வால்வைத் தள்ளும் மேடான உலோகத் துண்டு) திறக்கும், மேலே போனால் உயரமான வேறொரு கேம் திறக்கும். அதனால் நெரிசலிலும் இழுவை குறையாது. கஷ்டம் உங்கள் மணிக்கட்டுக்குத்தான். ஹேண்டில் தாழ்வு, சீட் உயரம் 815 மி.மீ. உங்கள் உயரத்துக்கு இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படாது. தெருமுனை வரை ஓட்டிவிட்டு முடிவு செய்யாதீர்கள். மாலை நெரிசலில் அரை மணி நேரம் கேட்டு வாங்கி ஓட்டுங்கள். டேங்கை முட்டியால் இறுக்கிப் பிடித்தும் கை வலித்தால், தினமும் அந்த வலி இருக்கும்.

ஆர்சியில் கடன் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். விற்பவர் முன்னாடியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.