சிகிச்சை முறையை மாற்றுவது தடுமாற்றம் ஆகாது

வணக்கம். திடீர்ப் பதற்றத்துக்காகச் சென்ற உங்களிடம் முதலில் எண்ணங்களைக் குறித்து வரச் சொன்ன உளச்சிகிச்சையாளர், இப்போது உங்கள் தந்தையைப் பற்றியே கேட்பதால், அவருக்கே வழி தெரியவில்லையோ என்று வருந்தியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியவற்றை வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எண்ணக் குறிப்பேடு, 1960களில் அமெரிக்க உளநல மருத்துவர் ஆரன் பெக் வளர்த்தெடுத்த, எண்ணங்களைச் சோதித்துத் திருத்தும் அறிதல்சார் சிகிச்சையைச் சேர்ந்தது. பதற்றம் எழும் கணத்தைக் கையாள உதவுவது. ஆனால் மேலதிகாரி குரலை உயர்த்தும்போதெல்லாம் பதற்றம் மீள்வதாக நீங்களே குறிப்பிட்டிருப்பதால், பழைய உறவுகளில் பதிந்த அச்சத்தை ஆராயும் உளப்பகுப்பாய்வு வழிக்கு அவர் நகர்ந்திருப்பது பொருத்தமாகவே படுகிறது. இவ்விரு மரபுகளையும் இணைத்து பிரிட்டனில் மருத்துவர் ஆன்டனி ரைல் உருவாக்கிய முறையில், சிகிச்சையாளர் தம் புரிதலைத் தொடக்க அமர்வுகளிலேயே கடிதமாக எழுதி, வந்தவருக்கு வாசித்துக் காட்டுவார். நான் மிகவும் மதிக்கும் நடைமுறை அது.

அத்தகைய விளக்கத்தைக் கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு. இந்த மாற்றம் எதற்காக என்று அடுத்த அமர்வில் தயங்காமல் கேளுங்கள். காரணத்தைச் சொல்லி உங்கள் கருத்தையும் கேட்டால் தொடருங்கள். கேள்வியையே தவிர்த்தாலோ, தந்தையைப் பற்றிய பேச்சுக்குப் பின் உங்கள் உறக்கம் தொடர்ந்து கெட்டும் அவர் வேகத்தைக் குறைக்காவிட்டாலோ, வேறொருவரை நாடுவதில் தவறில்லை.