வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் குளோபல் ஸ்டடீஸ் படிக்கலாமா?

சிங்கப்பூரில் முழுநேர வேலை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இணையவழிப் பட்டம், சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரும். ஆனால் குளோபல் ஸ்டடீஸ் என்பது வர்த்தகம், குடிபெயர்வு, பருவநிலை, ஐநா, ஆசியான் எல்லாம் கலந்த படிப்பு. கணக்கியல் மாதிரி ஒரு குறிப்பிட்ட வேலையில் நேராகக் கொண்டுபோய் விடாது. மலாக்கா நீரிணையில் கப்பல் தாமதமானால் நம்ம தேக்கா சந்தையில் பருப்பு விலை என்னவாகும் என்று யோசிக்கிற ஆளுக்குப் பிடிக்கும்.

அங்கீகாரம்தான் முக்கியம். வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிட இங்கே மைய அரசு அமைப்பு கிடையாது. ஏற்பதும் மறுப்பதும் முதலாளி கையில். அதனால் அந்தப் பல்கலைக்கழகம் தன் நாட்டில் முறையான அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

அப்புறம் நேரம். நியூயார்க்கில் மாலை 7 மணி நேரலை வகுப்பு என்றால் நமக்கு மறுநாள் காலை 7, அவர்களின் குளிர்காலத்தில் 8. ஆபீஸ் கிளம்புகிற நேரம்! பதிவு செய்த பாடமா, நேரலையா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

வாசிப்பை எம்ஆர்டி ரயிலில் ஓரளவு முடிக்கலாம். கட்டுரை எழுத வார இறுதிதான், அதுவும் கல்யாண வீடுகள் இல்லாத வார இறுதி.