யார்க் கிளிஃபோர்டு கோபுரத்தின் சுவர் ஏன் பிளந்து நிற்கிறது?

கேள்வி: இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் உள்ள கிளிஃபோர்டு கோபுரத்தின் சுவர் ஏன் விரிசல் விட்டிருக்கிறது? கூரை எங்கே போனது? 1190 யூதர் படுகொலை நடந்தது இந்தக் கோபுரத்தில்தானா?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இடம் அதேதான், கோபுரம் வேறு. இப்போது நிற்கும் கல் கட்டடத்தின் வேலை 1245-இல்தான் தொடங்கியது. 1190-இல் அந்த மேட்டின் மேல் இருந்தது மரக்கோபுரம்.

மேடு இயற்கையானது அல்ல. வடக்கில் கிளம்பிய எதிர்ப்பை அடக்க வந்த மன்னர் முதலாம் வில்லியம், 1068-இல் ஊஸ், ஃபாஸ் ஆறுகளுக்கு நடுவே மண்ணைக் கொட்டி எழுப்பியது. மறு ஆண்டே ஊஸின் எதிர்க்கரையில் இரண்டாவது கோட்டை வந்தது. இவற்றுக்காக இடிபட்ட வீடுகள் கொஞ்சமல்ல. நகரத்தின் ஏழு வட்டாரங்களில் ஒன்று கோட்டைகளுக்காகப் பாழானது என்று 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே கணக்கேடு பதிந்திருக்கிறது. ஃபாஸ் ஆற்றுக்கு அணை போட்டு அகழியையும் பெரிய ஏரியையும் நிரப்பினார்கள். மேட்டின் அடிவாரத்தில் எப்போதும் தண்ணீர் நின்றது. பிற்கால விரிசலுக்கு வித்து இங்கேயே விழுந்துவிட்டது.

1190 மார்ச்சில், கலவரக் கும்பலிடமிருந்து தப்பிக்க நகரத்து யூதர்கள் சுமார் 150 பேர் அரசனின் பாதுகாப்பை நம்பி மரக்கோபுரத்துக்குள் புகுந்தார்கள். வெளியே போன கோட்டைக் காவலர் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடுவார் என்று பயந்து, திரும்பி வந்தவருக்குக் கதவைத் திறக்கவில்லை. அவர் ஷெரீஃபிடம், அதாவது அரசனின் மாவட்ட அதிகாரியிடம், முறையிட்டார். படையும் கும்பலும் சேர்ந்து முற்றுகையிட்டன. மார்ச் 16 இரவு, கும்பல் கையில் சாவதைவிடத் தாங்களே மடிவது மேல் என்று பெரும்பாலோர் முடிவெடுத்தார்கள். கோபுரம் எரிந்தது. உயிருக்கு உறுதி தருவதாகச் சொன்னதை நம்பி வெளியே வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். கொலை முடிந்ததும் கும்பல் நேராகப் பேராலயத்துக்குப் போய் அங்கே வைத்திருந்த, யூதர்களிடம் வாங்கிய கடன்களின் பத்திரங்களைக் கொளுத்தியது. ரிச்சர்ட் மால்பிஸ் போன்ற கடன்பட்ட பிரபுக்கள் முன்னால் நின்றதற்குக் காரணம் அதில் தெரிகிறது. வெறும் மதவெறி என்று மட்டும் எழுதுவது பாதி உண்மை. பத்திரங்கள் மறுபடி இப்படி அழியாதிருக்க, 1194 முதல் அவற்றுக்கு இரட்டைப் பிரதி எழுதி, ஒன்றை அரசுப் பெட்டியில் பூட்டி வைக்கும் ஏற்பாடு வந்தது.

மரக்கோபுரத்தை மறுபடி கட்டியபோது மேட்டையும் உயர்த்தினார்கள். 1244-இல் வந்த மூன்றாம் ஹென்றி, கல்லால் கட்ட ஆணையிட்டார். தலைமைக் கொத்தர் ஹென்றி டி ரெய்ன்ஸ். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத் திருப்பணியும் அவர் பொறுப்புதான். நான்கு இதழ்ப் பூவைப் போன்ற தரைவடிவம் இங்கிலாந்தில் வேறெந்தக் கோட்டையிலும் கிடையாது. நெருங்கிய ஒப்பு பிரான்சின் எதாம்ப்பில் இருக்கிறது.

வடிவம் அழகுதான், ஆனால் அடியில் இருந்தது அடுக்கடுக்காகக் கொட்டிய களிமண்ணும் சரளையும். மரத்தின் பாரத்தைத் தாங்கிய மண்மேடு, கனத்த சுண்ணாம்புக்கல் சுவரைத் தாங்கவில்லை. 14-ஆம் நூற்றாண்டு வெள்ளங்களில் அடிவாரம் ஊறியது, ஒரு பக்கம் அமிழ்ந்தது. 1360 வாக்கில் சுவர் மேலிருந்து கீழ்வரை இரண்டு இடங்களில் பிளந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் அமிழ்ந்ததால்தான் சுவர் பிளந்தது. 1902-இல் அந்தப் பக்கத்து அடித்தளத்துக்குக் கீழே காங்கிரீட் முட்டுக் கொடுத்தார்கள். அப்போது தோண்டியதில் கருகிய மரங்கள் கிடைத்தன.

கூரை போனது வேறு கதை. 1684 ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் திருநாள் இரவில் தீப்பிடித்து, கூரையும் தளங்களும் எரிந்து விழுந்தன. உட்சுவரில் சில கற்கள் இளஞ்சிவப்பாக இருப்பது அந்த வெப்பத்தால்.

2022-இல் உள்ளே மரத்தால் புதுத் தளம் அமைத்தபோதும் அதே மண்தான் கவலை. பழைய சுவர்மேல் பாரம் ஏற்றாமல், ஆழமாகத் துளையிடாமல், தரையில் அகலமான காங்கிரீட் பலகை பரப்பி அதன்மேல் நான்கு மரத்தூண்களை நிறுத்தினார்கள். 1684-க்குப் பிறகு யாரும் எட்ட முடியாதிருந்த மேல்மட்ட அறைகளுக்கு, ஹென்றியின் கழிப்பறை உட்பட, இப்போது தொங்கு நடைபாதையில் போகலாம்.

போகிறவர்கள் 55 படி ஏறுவதற்கு முன், மேட்டின் அடியில் 1978-இல் பதித்த நினைவுக் கல்லைப் பாருங்கள். இறந்த யூதர்களுக்கானது அது.